பிள்ளை மேல் கேஸ் வந்தால்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மேல் வரும் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் சிறுவர்கள் தரப்பில் ஆஜராகிற வக்கீல் நான். பிள்ளை மேல் வழக்கு வந்ததும் ஓடி வருகிற அப்பா அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவற்றைத் தமிழ்நாட்டு நடைமுறைக்கு ஏற்பத் தொகுத்திருக்கிறேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது 2016 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது. ‘பையன்’ என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் பெண் பிள்ளைக்கும் பொருந்தும்.

எத்தனை வயது வரை இந்தச் சட்டம்?

சம்பவம் நடந்த அன்று 18 முடியாமல் இருந்தால் போதும். போலீஸ் பிடிக்கும்போது 19 ஆகியிருந்தாலும் விசாரணை குழுமத்தில்தான். 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை எதைச் செய்தாலும் அது குற்றமே ஆகாது. 7-க்கு மேல் 12 வரை என்றால், செய்த காரியம் என்னவென்று புரிகிற பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

வயதை எதை வைத்து முடிவு செய்வார்கள்?

முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். சீக்கிரம் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று சில மாதங்களைக் கூட்டிப் போட்ட குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தேதி பள்ளி ரெக்கார்டில் ஏறிவிட்டால் பையனைப் பெரியவர்களின் கோர்ட்டுக்கு அனுப்பவும் அதுவே போதும். சர்டிபிகேட்டில் தவறு இருந்தால் உடனே சொல்லுங்கள். வயதுப் பிரச்சினையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். ஆனால் தாமதமாகச் சொன்னால் நம்பவைப்பது கஷ்டம். வயதைக் குறைத்துக் காட்ட போலிச் சான்று வாங்குகிறவர்களும் வருகிறார்கள். அப்படி வந்தால் பிள்ளை மேல் இருப்பது போக அப்பா மேலும் ஒரு கேஸ் வரும்.

போலீஸ் பையனைக் கூட்டிப் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

ஸ்டேஷனுக்குப் போங்கள். யாரையோ பிடித்து யாருக்கோ போன் போடுவது அப்புறம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உதவி ஆய்வாளருக்கு அடுத்த நிலையில் உள்ள எஸ்எஸ்ஐ போன்றவரோ அதற்கு மேலானவரோ இருப்பார். அவர் யார் என்று கேளுங்கள். பையனைப் பொறுப்பில் எடுக்க வேண்டியவர் அவர்தான்.

லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறைக்கும் அனுப்பக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. காவலர் யூனிபார்ம் இல்லாமல் இருக்க வேண்டும். விசாரிக்கும்போது பெற்றோர் கூட இருக்கலாம். எந்தக் காகிதத்திலும் பையனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பயணத்துக்கு ஆகிற நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும். சனி, ஞாயிறு, பண்டிகை எதுவும் காரணமில்லை. குழுமம் உட்காராத நாளில் அதன் உறுப்பினர் ஒருவர் முன்பு கொண்டு போகலாம்.

இதெல்லாம் எழுத்தில் இருப்பவை. நேரில் எல்லா இடத்திலும் இப்படியேதான் நடக்கிறது என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். “சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்” என்று இரண்டு நாள் உட்கார வைத்த கதைகள் உண்டு. பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிற ஸ்டேஷனில் அப்படிச் செய்வது சுலபமில்லை. அதனால்தான் முதலில் போங்கள் என்கிறேன். பையன் உடம்பில் காயம் இருந்தால் குழுமத்தின் முன் நிற்கும்போதே சொல்லச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அவர்கள் உத்தரவிடுவார்கள்.

“எஃப்ஐஆர் போடலை, டைரியிலதான் எழுதியிருக்கோம்” என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, விதியே அப்படித்தான். கொடுங்குற்றமாக (எவை கொடுங்குற்றங்கள் என்று பின்னால் சொல்கிறேன்) இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இருந்தாலோதான் எஃப்ஐஆர். மற்றவற்றைப் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பப் பின்னணி பற்றி ஓர் அறிக்கையும் சேர்த்துக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்ஐஆர் இல்லை என்பதற்காகக் கவலையை விட்டுவிடாதீர்கள். குழுமத்தின் விசாரணை அப்போதும் உண்டு.

குழுமம் என்பது கோர்ட்டா?

கோர்ட் அதிகாரம் உண்டு, கோர்ட் தோரணை இருக்கக் கூடாது. ஒரு மாஜிஸ்ட்ரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். மேடை இல்லை, கூண்டு இல்லை. நீதிமன்ற வளாகத்துக்குள் நடத்தவே கூடாது என்று விதி இருப்பதால் பெரும்பாலும், விசாரணை முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கிற கூர்நோக்கு இல்லத்தை ஒட்டியே நடக்கும். சென்னைக்காரர்களுக்கு அந்த இல்லம் இருக்கிற கெல்லீஸ் என்றால் தெரியும்.

உள்ளே போனால் ஒரு நீள மேஜை, எதிரே நாற்காலிகள். வெளியே மரத்தடியில் மஞ்சள் பையோடு அம்மாக்கள். பையில் ரேஷன் கார்டு, ஆதார், டிசி ஜெராக்ஸ், யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்துவந்த ஊர்ப் பிரமுகரின் சிபாரிசுக் கடிதம். கடைசியில் சொன்னதற்கு உள்ளே வேலையே கிடையாது. உறுப்பினர்கள் முதலில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் “சாப்பிட்டியா?” என்பதுதான். அடுத்தது “கூட யார் வந்திருக்காங்க?” இரண்டாவது கேள்விக்குப் பையன் திரும்பிப் பார்க்கும்போது அங்கே யாரும் இல்லாவிட்டால் அந்த வழக்கு போகிற போக்கே மாறிவிடும்.

ஜாமீன் கிடைக்குமா?

கிடைக்கும் என்பதுதான் பொது விதி. பெரியவர்கள் வழக்கில் ஜாமீனில் விடலாமா என்று யோசிப்பார்கள். இங்கே விடத்தான் வேண்டும், மறுப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். காரணங்களும் மூன்றே மூன்று: வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், உடலுக்கோ மனதுக்கோ ஆபத்து வரும், நீதியின் நோக்கமே கெட்டுவிடும். குற்றம் எவ்வளவு பெரியது என்பது அந்த மூன்றில் இல்லை.

முதல் இரண்டு காரணங்களும் எதைப் பற்றியவை என்று பாருங்கள். அவன் திரும்பிப் போகிற வீட்டையும் தெருவையும் பற்றியவை. “அவன் அந்த கேங்கோடதான் சுத்துறான் சார், நாங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டான்” என்று அப்பாவே கைவிரித்தால் ஜாமீன் மறுக்கக் காரணத்தை அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. சித்தப்பா வீடு திருப்பூரில் இருக்கிறது, அங்கே அனுப்பி ஐடிஐயில் சேர்க்கிறோம் என்று உருப்படியான ஏற்பாட்டோடு வந்தால் கதை வேறு. ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாவிட்டால் மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். பணம் இல்லாத ஒரே காரணத்துக்காகப் பிள்ளை உள்ளே கிடக்க வேண்டியதில்லை.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து ஏதேதோ கேட்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அவர் தயாரிப்பது சமூக விசாரணை அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், என்ன வருமானம், அப்பா குடிப்பாரா, வீட்டில் அடிதடி உண்டா, பையன் எப்போது பள்ளியை விட்டு நின்றான், ஏன் நின்றான், நண்பர்கள் யார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போகும். பையனைப் பற்றிக் குழுமம் எடுக்கிற எல்லா முடிவுக்கும் இந்த அறிக்கைதான் ஆதாரம்.

மானத்துக்குப் பயந்து பெற்றோர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? “வீட்ல எந்தப் பிரச்சினையும் இல்லைங்க, நல்லாத்தான் வளர்த்தோம், சேர்க்கை சரியில்லை” என்று முடித்துவிடுகிறார்கள். அறிக்கையிலும் அது அப்படியே ஏறுகிறது. வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லாத பையன், காரணமே இல்லாமல் செல்போன் பறித்தான் என்று படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? அவனிடமே ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். ஒன்பதாம் வகுப்பில் பெயிலானபோது அவமானப்பட்டு நின்றுவிட்டான், அப்பா அந்த வருடம்தான் வீட்டை விட்டுப் போனார், அண்ணன் மீன் மார்க்கெட்டில் கூலி வேலைக்குக் கூட்டிப்போனான், அங்கேதான் இந்தக் கூட்டம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் படிப்பு, கவுன்சலிங், அண்ணனிடமிருந்து பிரித்து வைப்பது என்று குழுமம் உத்தரவு போட ஒரு பிடி கிடைத்திருக்கும். இந்த அறிக்கை ரகசியமானது, உங்கள் தெருவில் யார் கைக்கும் போகாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-இல் நாடு முழுக்கச் சிறார்கள் மேல் பதிவான வழக்குகள் 30,555. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் 16-லிருந்து 18-க்குள் இருப்பவர்கள், பெற்றோருடன் வசிப்பவர்கள். அநாதைப் பிள்ளைகள்தான் தப்பு செய்வார்கள் என்ற எண்ணத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

என்ன தண்டனை கொடுப்பார்கள்?

கண்டித்து அனுப்புவது, குழுவாகக் கவுன்சலிங், சமூக சேவை, அபராதம், பெற்றோர் எழுதிக்கொடுக்கிற பத்திரத்தின் பேரில் மூன்று வருடம் வரை நன்னடத்தைக் கண்காணிப்பு, அதற்கும் மேல் என்றால் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருடம். பள்ளிக்குப் போ, இன்ன இடத்துக்குப் போகாதே, போதை மறுவாழ்வுச் சிகிச்சை எடு என்று கூடுதலாகவும் சொல்லலாம்.

16 தாண்டினால் பெரியவர் மாதிரி விசாரிப்பார்களாமே?

எல்லா வழக்கிலும் இல்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கூட்டு வன்கொடுமையில் ஒருவனுக்கு 18 ஆகச் சில மாதங்களே பாக்கி. அவனுக்கு அப்போதைய சட்டப்படி மூன்று வருடம்தான் கிடைத்தது. 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்த இரண்டாவது நாள், கொந்தளிப்புக்கு நடுவே, மாநிலங்களவை இப்போதைய சட்டத்தை நிறைவேற்றியது. அதில் வந்ததுதான் இந்த 16 வயது ஏற்பாடு.

குற்றங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. மூன்று வருடம் வரை தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ இருப்பவை கொடுங்குற்றங்கள். இடையில் உள்ளவை கடுங்குற்றங்கள். ‘குறைந்தபட்சம்’ என்பதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். கொலை கொடுங்குற்றம். கொலை முயற்சிக்கு அதிகபட்சம் பெரிதாக இருந்தாலும் குறைந்தபட்சம் சொல்லப்படவில்லை, அதனால் அது இந்தப் பட்டியலில் வராது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது, 2021 திருத்தமும் அதையே எழுதிவைத்தது. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் குறைந்தபட்சமே 10 வருடம். காரில் பின் சீட்டில் ‘சும்மா கூடப் போனேன்’ என்கிற 17 வயதுப் பையன் அங்கேதான் மாட்டுவான்.

16 முடிந்தவன் மேல் கொடுங்குற்றப் புகார் என்றால் மூன்று மாதத்துக்குள் முதல்நிலை மதிப்பீடு நடக்கும். அவனுக்கு அதைச் செய்கிற உடல், மனத் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்ப்பார்கள். குற்றம் செய்தானா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்து அந்தத் தொழிலில் இருப்பவர் யாரும் இல்லையென்றால் நிபுணரின் உதவியை வாங்கியே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது. மதிப்பீட்டுக்குப் பிறகு, பெரியவர் மாதிரி விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனாலும் தூக்கு கிடையாது, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் சிறையும் கிடையாது. 21 வயது வரை பாதுகாப்பு இல்லத்தில்தான் வைப்பார்கள்.

பையன் செய்ததற்கு அப்பா அம்மாவை உள்ளே தள்ள முடியுமா?

பெற்ற ஒரே காரணத்துக்காக முடியாது. ‘சரியாக வளர்க்கவில்லை’ என்று ஒரு குற்றம் நம் சட்டத்தில் கிடையாது. நீங்கள் கையில் எதைக் கொடுத்தீர்கள், தெரிந்தும் எதை விட்டுவைத்தீர்கள், நடந்த பிறகு எதை மறைத்தீர்கள் என்பதில்தான் வழக்கு வரும்.

அமெரிக்காவில் பெற்றோரையே தண்டித்தார்களே என்று கேட்கிறவர்கள் உண்டு. மிச்சிகன் மாகாணத்தில் 2021-இல் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக்கொன்ற 15 வயதுப் பையனின் அப்பா, அம்மா இருவருக்கும் 2024-இல் தலா 10 முதல் 15 வருடம் சிறை விதித்தார்கள். அங்கும் அப்பா வாங்கிக் கொடுத்த துப்பாக்கியும், அன்று காலையே பள்ளி கூப்பிட்டு எச்சரித்தும் பையனை வீட்டுக்குக் கூட்டிப் போகாததும்தான் வழக்கில் நின்றன.

நம் ஊரில் துப்பாக்கிக்குப் பதில் வண்டிச் சாவி.

“டியூஷனுக்குப் போக வண்டி கொடுத்தேன், அவ்வளவுதான்.” இதற்கு என்ன?

2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். 18 வயது ஆகாதவர் ஓட்டி, அந்தச் சட்டப்படி குற்றம் நடந்தால் காப்பாளரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. விபத்து நடந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதே குற்றம்தான்.

“எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்” என்று சொல்லலாம், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். தினமும் காலை ஏழு மணிக்கு டியூஷன் வாசலில் அந்த வண்டி நிற்பதைத் தெருவே பார்த்திருக்கும்போது அதை மறுப்பது எப்படி?

16 வயதில் ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம், 50 சிசி-க்குள் உள்ள வண்டியை, அதற்குரிய உரிமம் வாங்கிக்கொண்டு. அந்தக் கால டிவிஎஸ் 50 நினைப்பிலேயே “வெறும் எக்ஸ்எல் தானே” என்று கொடுப்பவர்கள் நிறைய. இப்போது வருகிற எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. ஸ்கூட்டர் எல்லாம் அதற்கும் மேலே. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட சின்ன மின்சார வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் காகிதத்தில் பாருங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டி யாராவது இறந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். அந்தத் தொகை லட்சக்கணக்கில் வரும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பகுதியைச் சொன்னால்தான் அப்பாக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

புனேயில் கட்டுரை எழுதச் சொல்லி விட்டுவிட்டார்களே, இதுதான் உங்கள் சட்டமா?

2024 மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்தில் 300 வார்த்தைக் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன். நாடே கொதித்தது, எனக்கும் அந்த உத்தரவில் உடன்பாடில்லை.

ஆனால் அந்த வழக்கில் பெற்றோருக்கான பாடம் கட்டுரையில் இல்லை. லைசென்ஸ் இல்லாத மகனுக்குக் கார் கொடுத்ததாக அப்பா கைது. பையனின் ரத்த மாதிரியை மாற்றிவைத்த புகாரில் அப்பாவோடு அம்மாவும் கைது, மருத்துவர்களும் கைது. குடும்ப டிரைவரைப் பழியை ஏற்கச் சொல்லி அடைத்துவைத்ததாகத் தாத்தா மேல் வழக்கு. ஜாமீனுக்குப் பிறகு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட பையன் ஜூன் மாதமே மும்பை உயர் நீதிமன்ற உத்தரவால் இல்லத்திலிருந்து வெளியே வந்து அத்தையின் பொறுப்பில் போனான். அவனைப் பெரியவராகக் கருதி விசாரிக்கும் கோரிக்கையைக் குழுமம் 2025 ஜூலையில் நிராகரித்தது. மகனைக் காப்பாற்றப் போனதாகச் சொல்லப்படும் பெரியவர்கள்தான் சிறையில் இருந்தார்கள். நம் பக்கத்துச் சின்ன வழக்குகளிலும் இதே வேலையை மலிவாகச் செய்கிறார்கள். சிசிடிவி கடைக்காரரிடம் போய்ப் பேசுவது, ‘நான்தான் ஓட்டினேன்’ என்று மாமா முன்வருவது, சாட்சியின் வீட்டுக்குப் பத்துப் பேர் போவது. பையன் மேல் இருப்பது நான்கு மாதத்தில் முடியக்கூடிய சிறு குற்றம். உங்கள் மேல் வருவது அப்படி முடியாது.

நஷ்ட ஈடு?

வண்டி விபத்தைத் தவிர மற்றவற்றில் பிள்ளை செய்த சேதத்துக்கு அப்பா தானாகவே பொறுப்பாவதில்லை. அவருடைய சொந்தக் கவனக்குறைவைக் காட்டினால் உரிமையியல் வழக்குப் போடலாம். குழுமம் விதிக்கிற அபராதத்தை மட்டும் பெற்றோர் கட்டவேண்டும் என்று நேரடியாக உத்தரவிட முடியும்.

நாலு சாத்து சாத்தினால் திருந்துவான் என்கிறார்கள்.

பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அடித்துத் துன்புறுத்துவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைக்குரியது, பெற்றோரும் விலக்கில்லை. ஜாமீனில் வந்த அன்று இரவு பெல்ட்டால் அடி வாங்கிய பையன் மறுநாள் எங்கே போவான்? எந்தக் கூட்டத்திலிருந்து அவனைப் பிரிக்கப் பாடுபட்டோமோ, நேரே அங்கேதான்.

யாரோ கஞ்சா கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். அவர்களை ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், பெற்றோர் சரியாகப் பயன்படுத்தாத பிரிவுகள் இவைதான். சிறுவனுக்கு மது, போதைப்பொருள் மட்டுமல்ல, புகையிலை கொடுத்தாலும் ஏழு வருடம் வரை கடுங்காவல். பள்ளி வாசலில் கூல் லிப் விற்கிற பெட்டிக்கடையும் இதில் வரும். சிறுவனை வைத்துப் போதைப்பொருள் விற்றாலும் கடத்தினாலும் அதே தண்டனை. சட்டவிரோத வேலைக்குச் சிறுவனைப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு வருடமும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவு குற்றம் செய்யச் சிறுவனை அமர்த்தியவருக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் பத்து வருடம் என்கிறது.

‘சின்னப் பசங்களுக்கு ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லியே ரவுடிகள் பிள்ளைகளை அரிவாள் தூக்க வைக்கிறார்கள். பையன் பெயர் சொல்லப் பயப்படுவான். பாதுகாப்புக் கேட்டுக் குழுமத்திடம் தனியாகச் சொல்ல அவனுக்கு வழியுண்டு. ஏவிவிட்டவன் யார் என்பது தெரிந்தால் வழக்கில் அவன் இருக்கும் இடமும் மாறும்.

17 வயதுப் பையன், 16 வயதுப் பெண்ணோடு போய்விட்டான். காதல்தானே?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 18-க்குக் கீழே சம்மதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. உறவு நடந்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடம், அதாவது கொடுங்குற்றம், அதாவது மேலே சொன்ன முதல்நிலை மதிப்பீடு. பிள்ளைகள் இருவரும் அழுதுகொண்டு நிற்க, இரண்டு வீட்டாரும் சாதிக் கணக்குத் தீர்க்க இந்த வழக்கைப் பயன்படுத்துவதைப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட பதின்வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கையே ரத்து செய்தது. வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், குழுமத்தால் முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துக் கல்யாணம் செய்துவைத்தால் குழந்தைத் திருமணம் என்று இன்னொரு வழக்கு.

பள்ளியில் சாதிச் சண்டை. பசங்க விஷயத்தைப் பெரிதாக்குகிறார்களே?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அந்தக் கயிறு சாதாரணமாகப் பையன் கைக்கு வருவது ஊர்த் திருவிழாவில், பெரியவர்கள் கையால். ‘பசங்க விஷயம்’ என்று அதைச் சொல்வது நியாயமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் பையன் வழக்கில் சேரும். வேறென்ன சொல்ல.

கூர்நோக்கு இல்லத்தில் பிள்ளை பத்திரமாக இருப்பானா?

இருக்க வேண்டும். 2022 டிசம்பர் கடைசியில் திருட்டு வழக்கில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் அங்கே இறந்தான். அடித்ததாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களைச் சீரமைக்கவும் அரசு நீதிபதி சந்துருவையே பரிந்துரை கேட்டது. அதனால் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பார்க்கிற நாளில் தவறாமல் போங்கள். சட்டை கையைத் தூக்கிப் பாருங்கள். பேச்சு குறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். புகாரைக் குழுமத்திடமே எழுத்தில் கொடுக்கலாம், 1098-க்கும் போன் செய்யலாம்.

அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போய்விடுமா?

குற்றம் நிரூபணமானாலும் அதனால் தகுதியிழப்பு வரக்கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழிக்க வேண்டும். 16 தாண்டிக் கொடுங்குற்றத்தில் குழந்தைகள் நீதிமன்றம் தண்டித்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. போலீஸ் வேலை வெரிபிகேஷனில் பழைய வழக்கைக் காட்டி நிராகரித்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், இதில் தீர்ப்புகள் பிள்ளைகள் பக்கம் இருக்கின்றன. உத்தரவின் நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

பெயர், படம், பள்ளி, முகவரி என எதை வெளியிட்டாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு புகார் கொடுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தைப் பதிலுக்கு நீங்கள் போட்டால் உங்களுக்கும் அதே பிரிவுதான்.

வக்கீலுக்குப் பணமில்லை.

வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ குழுமத்திடமோ கேட்டால் வக்கீலை நியமிப்பார்கள். தொலைபேசி எண் 15100. வாசலில் ‘ஜட்ஜ் தெரிஞ்சவர்’ என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா வர வேண்டுமா? லீவு கிடைக்காது.

பெற்றோரில் ஒருவர், அல்லது காப்பாளர் வந்தால் போதும். ஆனால் அம்மா மட்டுமே வருகிற வழக்குகள்தான் அதிகம். ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவர்தான் வந்து நிற்கிறார். நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வருடம் பொறுப்பேற்பதும் பெரும்பாலும் அவரே. முதல் நாளும் உத்தரவு போடுகிற நாளும் மட்டுமாவது அப்பா வந்துவிடுங்கள். மற்ற தேதிகளுக்கு, எந்தக் கிழமையில் வர முடியும் என்று முதல் வாய்தாவிலேயே சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போகிற குடும்பம் என்று தெரிந்தால் அதற்கேற்ப நாள் வைத்துக் கொடுப்பது உண்டு. வர முடியாமல் போனால் முந்தின நாளே வக்கீலிடமோ நன்னடத்தை அலுவலரிடமோ சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள்.